முதல் நெடுந்தொலைவு மிதிவண்டிப் பயணத்துக்கான பயிற்சி

அன்றாடத் தேவைக்கு மட்டும் சைக்கிள் ஓட்டிவந்த ஒருவர், ஒரே நாளில் 100 கி.மீ. அல்லது அதற்கு மேற்பட்ட தொலைவைத் தம் சொந்த உடல் வலிமையால் கடந்து நலமாக வீடு திரும்புவதை முதல் நெடுந்தொலைவு மிதிவண்டிப் பயணம் எனலாம். இது பந்தயம் இல்லை. முந்துவதற்கு எதிராளி கிடையாது; பரிசும் கிடையாது. தொலைவு, வெயில், காற்று, சாலைப் போக்குவரத்து, பயணியின் சொந்த அவசரம் ஆகியவையே இதில் எதிர்கொள்ள வேண்டியவை. நல்ல உடல்நிலை உள்ள பெரியவர் எவரும் ஏறக்குறைய மூன்று மாதப் பயிற்சியில் இதற்குத் தயாராகலாம்.

இக்கட்டுரை விழுப்புரம், திண்டிவனம் பகுதிச் சாலைகளை எடுத்துக்காட்டாகக் கொண்டு அப்பயிற்சியை விளக்குகிறது. தொலைவுகள் அனைத்தும் ஏறத்தாழக் கணக்கிடப்பட்டவை. புறப்படும் தெருவைப் பொறுத்து இரண்டொரு கி.மீ. கூடவோ குறையவோ செய்யலாம்.

பின்னணி

நீண்ட தொலைவு சைக்கிள் மிதிப்பது தமிழ்நாட்டுக்குப் புதிதன்று. பால்காரரும் துணி வியாபாரியும் பாத்திரக்காரரும் கேரியரில் சுமையுடன் ஊர் ஊராகச் சென்று வந்த காலம் நெடுநாள் நீடித்தது. 1949-இல் நிறுவப்பட்ட சென்னை டி.ஐ. சைக்கிள்ஸ் போன்ற நிறுவனங்களின் வண்டிகள் சிற்றூர்களையும் எட்டின. சொந்த வண்டி இல்லாதவர்களுக்கு வாடகை சைக்கிள் கடை இருந்தது. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்ட அறிவொளி இயக்கத்தின் வழியாகக் கிராமப்புறப் பெண்கள் பெருந்திரளாகச் சைக்கிள் கற்றுக்கொண்டார்கள். வயது வந்தபின் தொடங்கினாலும் இக்கலை கைவரும் என்பதற்கு அதுவே போதிய சான்று.

தொலைவையே இலக்காகக் கொண்ட பயணங்கள் ஐரோப்பாவில் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமைப்பு முறையாகத் தொடங்கின. பிரான்சில் பாரிசிலிருந்து பிரெஸ்ட் சென்று திரும்பும் 1200 கி.மீ. ஓட்டம் 1891-இல் பந்தயமாக நடந்தது. இன்று அது நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை, பந்தயமல்லாத பயணமாக, 90 மணி நேர உச்ச வரம்புடன் நடைபெறுகிறது. 1897-இல் இத்தாலியில் ஒரு குழுவினர் ரோமிலிருந்து நேப்பிள்சுக்குப் பகல் வெளிச்சத்திலேயே சென்று சேர்ந்தார்கள். அவர்களைக் குறித்த 'ஆடாக்ஸ்' என்ற சொல் இன்றும் வழங்குகிறது. துணிச்சலானவர் என்பது அதன் பொருள்.

பாரிசின் ஆடாக்ஸ் மன்றம் வகுத்த 'பிரவே' எனப்படும் பயணங்கள் இந்தியாவிலும் நடக்கின்றன. ஆடாக்ஸ் இந்தியா ராண்டனர்ஸ் அமைப்பு இவற்றை ஒருங்கிணைக்கிறது. இவற்றின் கால வரம்புகள் வருமாறு:

200 கி.மீ. – 13 மணி 30 நிமிடம்
300 கி.மீ. – 20 மணி
400 கி.மீ. – 27 மணி
600 கி.மீ. – 40 மணி

200 கி.மீ. தொலைவை 13.5 மணியால் வகுத்தால் மணிக்கு 15 கி.மீ.க்கும் சற்றுக் குறைவான வேகமே வருகிறது. உணவு, ஓய்வு, பஞ்சர் எல்லாம் இந்நேரத்தில் அடங்கும். சந்தைக்குப் போகிறவர் மிதிக்கும் வேகம்தான் இது. அதை நாள் முழுவதும் விடாமல் மிதிக்கும் ஆற்றலையே பயிற்சியால் பெற வேண்டியிருக்கிறது.

வண்டியும் இருக்கையும்

முதல் 100 கி.மீ.க்கு விலையுயர்ந்த வண்டி தேவையில்லை. அரசு, பதினோராம் வகுப்பு மாணவர்களுக்கு வழங்கும் விலையில்லா மிதிவண்டியாக இருந்தாலும் வீட்டிலுள்ள பழைய வண்டியாக இருந்தாலும், முறையாகச் சீரமைத்திருந்தால் போதும். பயிற்சி தொடங்குமுன் சைக்கிள் கடையில் ஓவராயில் செய்து, பால்ரஸ், பிரேக் கட்டை, செயின், ஸ்போக் ஆகியவற்றைச் சரிபார்க்க வேண்டும். டயரின் பக்கவாட்டில் வெடிப்பு இருந்தால் மாற்றிவிடுவதே நல்லது.

கியர் இல்லாத வண்டியில் எவ்வளவு வேகம் போக முடியும் என்பதை எளிய கணக்கால் அறியலாம். முன் பல்சக்கரத்தில் 44 பற்களும் பின் பல்சக்கரத்தில் 18 பற்களும் இருப்பதாகக் கொள்வோம். பெடல் ஒரு சுற்றுச் சுற்றினால் பின்சக்கரம் 2.44 சுற்றுச் சுற்றும். சக்கரத்தின் சுற்றளவு சுமார் 2.2 மீட்டர் என்றால், ஒரு மிதிக்கு வண்டி 5.4 மீட்டர் நகரும். நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் மணிக்கு 19 கி.மீ. கிடைக்கும். இப்பகுதியின் பெரும்பாலும் சமதளமான சாலைகளுக்கு இது தாராளம். கியர் வண்டி வைத்திருப்பவர்கள் கனமான கியரில் மெதுவாக அழுத்தி மிதிக்காமல், இலேசான கியரில் நிமிடத்துக்கு 75 முதல் 90 சுற்று வரை மிதிக்கப் பழகினால் முழங்காலுக்குச் சுமை குறையும்.

இருக்கையின் உயரம் மிக முக்கியமானது. சுவரைப் பிடித்துக்கொண்டு வண்டியில் அமர்ந்து, பெடலைக் கீழ்ப்புள்ளிக்குக் கொண்டுவந்து, குதிகாலை அதன்மேல் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். பிறகு முன்பாதத்தால் மிதிக்கும்போது முழங்கால் சிறிது மடங்கியிருக்கும். அதுவே சரியான அளவு. முழங்காலின் முன்பக்கம் வலித்தால் இருக்கை பெரும்பாலும் தாழ்வாக இருக்கிறது. பின்பக்கம் வலித்தால் உயரமாக இருக்கிறது. அரை செ.மீ. அளவில் மாற்றி, இரண்டு நாள் ஓட்டிப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். நம் ஊரில் பலர் இரு கால்களும் தரையில் ஊன்றும்படி இருக்கையைத் தாழ்த்தி வைக்கிறார்கள். கடைத்தெருவுக்கு அது வசதி, 100 கி.மீ.க்கு அதுவே முழங்கால் வலிக்கு வழி.

பன்னிரண்டு வாரத் திட்டம்

வாரத்தில் நான்கு நாள் ஓட்டுவது போதுமானது. மூன்று நாள்கள் 45 நிமிடம் முதல் ஒரு மணி நேரம் வரை இலேசாக ஓட்ட வேண்டும். விடுமுறை நாளில் ஒரு நீண்ட ஓட்டம். மற்ற நாள்களில் நடை அல்லது முழு ஓய்வு. நீண்ட ஓட்டத்தின் தொலைவு பின்வருமாறு கூடிச்செல்லலாம்:

1-ஆம் வாரம் – 20 கி.மீ.
2-ஆம் வாரம் – 25 கி.மீ.
3-ஆம் வாரம் – 30 கி.மீ.
4-ஆம் வாரம் – 20 கி.மீ. (ஓய்வு வாரம்)
5-ஆம் வாரம் – 35 கி.மீ.
6-ஆம் வாரம் – 45 கி.மீ.
7-ஆம் வாரம் – 55 கி.மீ.
8-ஆம் வாரம் – 40 கி.மீ. (ஓய்வு வாரம்)
9-ஆம் வாரம் – 65 கி.மீ.
10-ஆம் வாரம் – 80 கி.மீ.
11-ஆம் வாரம் – 50 கி.மீ. (ஓய்வு வாரம்)
12-ஆம் வாரம் – 105 கி.மீ. பயணம்

இடையிடையே தொலைவைக் குறைப்பது சோம்பலுக்காக அன்று. பயிற்சியின்போது தசை சற்றுச் சிதைகிறது. ஓய்வின்போதுதான் அது முன்னிலும் வலுப்பெற்று மீள்கிறது. இதயமும் நுரையீரலும் சில வாரங்களிலேயே பழகிவிடும். தசைநாண்களும் மூட்டுகளும் பழகக் கூடுதல் காலம் பிடிக்கும். மூச்சு வாங்கவில்லையே என்று மூன்றாம் வாரத்திலேயே 70 கி.மீ. ஓட்டுகிறவர் ஐந்தாம் வாரம் முழங்காலில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருப்பார். தொடங்கியவர்கள் பலர் பாதியில் விட்டுவிடுவதற்கு இந்த அவசரமே பெரும்பாலும் காரணம்.

சரியான வேகத்தை அறியக் கருவி எதுவும் வேண்டியதில்லை. மிதிக்கும்போது உடன் வருபவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும். இரண்டு சொல்லுக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் வேகம் அதிகம். பயிற்சி ஓட்டங்களில் பெரும்பகுதி இந்தப் பேச்சு வேகத்திலேயே அமைய வேண்டும்.

பயிற்சிக்கேற்ற சாலைகள்

இப்பகுதியின் சாலை அமைப்பு பயிற்சிக்கு மிகவும் ஏற்றது. விழுப்புரம், திண்டிவனம், செஞ்சி, புதுச்சேரி ஆகிய நான்கு ஊர்களையும் இணைக்கும் சாலைகள் இரண்டு முக்கோணங்களாக அமைகின்றன. விழுப்புரம்–திண்டிவனம் நெடுஞ்சாலை (38 கி.மீ.) இரண்டுக்கும் பொதுவான பக்கம். மேற்கு முக்கோணத்தின் முனை செஞ்சி. கிழக்கு முக்கோணத்தின் முனை புதுச்சேரி.

விழுப்புரத்தில் இருப்பவர் இரண்டாம் வாரம் விக்கிரவாண்டி வரை சென்று திரும்பினால் 25 கி.மீ. ஆகும். ஐந்து, ஆறாம் வாரங்களுக்குச் செஞ்சி சாலையில் உள்ள மண்டகப்பட்டு பொருத்தமானது. செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு இன்றி அமைத்ததாக முதலாம் மகேந்திரவர்மனின் கல்வெட்டு கூறும் குடைவரைக் கோயில் அங்கே உள்ளது. மரநிழலில் இளைப்பாறித் திரும்பலாம். பத்தாம் வாரத்தில் கோலியனூர், வளவனூர், கண்டமங்கலம் வழியாகப் புதுச்சேரி சென்று திரும்பினால் 80 கி.மீ. நிறைவுறும்.

திண்டிவனத்தில் இருப்பவருக்கு மூன்றாம் வாரம் கூட்டேரிப்பட்டு வழியாக மயிலம் சென்று திரும்புவது ஏறத்தாழ 30 கி.மீ. மயிலம் முருகன் கோயில் குன்றின் ஏற்றம், சமதளமான இப்பகுதியில் ஏற்றம் மிதித்துப் பழக உதவும். ஏழாம் வாரத்தில் செஞ்சி சென்று திரும்பினால் 55 கி.மீ.

பன்னிரண்டாம் வாரத்தின் பயணம் மேற்கு முக்கோணத்தின் முழுச் சுற்று. விழுப்புரம்–திண்டிவனம் 38, திண்டிவனம்–செஞ்சி 28, செஞ்சி–விழுப்புரம் 38 என மொத்தம் 104 அல்லது 105 கி.மீ. மணிக்கு 18 கி.மீ. வேகத்தில் மிதித்தால் ஆறு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. ஓய்வுக்கு ஒரு மணி நேரம் சேர்த்தால் காலை ஆறரைக்குப் புறப்பட்டவர் பிற்பகல் ஒன்றரைக்குள் வீடு சேரலாம்.

காற்றும் வெயிலும்

சைக்கிளில் செல்பவருக்கு ஏற்றத்தைவிட எதிர்காற்றே பெரிய மலை. தை, மாசி மாதங்களில் இங்கு வடகிழக்கிலிருந்து காற்று வீசும். மேற்கண்ட சுற்றை விழுப்புரத்திலிருந்து முதலில் திண்டிவனம் நோக்கித் தொடங்கினால் எதிர்காற்றைக் காலையிலேயே, உடல் களைக்குமுன், காற்றும் வலுக்குமுன் கடந்துவிடலாம். திண்டிவனத்திலிருந்து மேற்கே செஞ்சிக்கும் அங்கிருந்து தெற்கே விழுப்புரத்துக்கும் செல்லும்போது காற்று பின்னாலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் துணை செய்யும். அதே சுற்றை எதிர்த்திசையில் ஓட்டினால் செஞ்சி வழியாகத் திண்டிவனம் சேரும்வரை காற்று முன்னாலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் எதிர்க்கும்.

கோடையில் நண்பகலுக்குப் பின் கடற்காற்று கிழக்கிலிருந்து உள்நோக்கி வரும். ஆகவே புதுச்சேரிக்குக் காலையில் சென்று, கடற்காற்று தொடங்கியபின் மேற்கு நோக்கித் திரும்புவது எளிது.

மார்கழி பிற்பகுதி முதல் மாசி வரை முதற்பயணத்துக்கு ஏற்ற காலம். பயிற்சியைப் புரட்டாசி, ஐப்பசியில் தொடங்கினால் மழையால் சில நாள் தவறும். அந்த வாரத்தை விட்டுத் தாவாமல் திரும்பச் செய்ய வேண்டும். சித்திரை, வைகாசியில் முதல் நீண்ட பயணத்தைத் திட்டமிடக் கூடாது. அக்கால வெயிலில் ஓட்ட நேர்ந்தால் காலை ஒன்பது மணிக்குள் முடித்துவிட வேண்டும்.

தலைசுற்றல், குமட்டல், வெயிலிலும் உடல் சிலிர்ப்பது ஆகியவை வெப்பத் தளர்ச்சியின் அறிகுறிகள். உடனே இறங்கி நிழலில் அமர்ந்து, உடலை நனைத்து, நீர் அருந்த வேண்டும். பேச்சுக் குழறினாலோ, நினைவு தடுமாறினாலோ அது வெப்பத் தாக்கு. உயிருக்கு ஆபத்தான நிலை என்பதால், உடலில் தண்ணீர் ஊற்றிக் குளிர்வித்துக்கொண்டே 108-ஐ அழைக்க வேண்டும்.

உணவும் நீரும்

உடலில் சேமித்துள்ள மாவுச்சத்து ஏறத்தாழ 400 முதல் 500 கிராம். மிதமான வேகத்தில் மிதிப்பவர் மணிக்கு 350 முதல் 450 கலோரி வரை செலவிடுகிறார். கொழுப்பும் எரிபொருளாகும் என்றாலும், வழியில் எதுவும் உண்ணாமல் மிதித்தால் சில மணி நேரத்தில் கால்கள் திடீரெனத் துவண்டுவிடும். பசித்த பிறகு உண்பது காலம் கடந்த செயல். முதல் மணி நேர முடிவிலிருந்தே மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து உட்செல்ல வேண்டும். ஒரு வாழைப்பழத்தில் 20 முதல் 25 கிராம் வரை உண்டு.

வெளிநாட்டுப் பொட்டலங்களைத் தேட வேண்டியதில்லை. புறப்படுமுன் இட்லி, வழியில் வாழைப்பழம், பேரீச்சை, கடலை மிட்டாய் ஆகியவை போதும். மணிலா எனப்படும் நிலக்கடலைக்குப் பெயர்பெற்ற பகுதி இது. டி.எம்.வி. என்று தொடங்கும் கடலை இரகங்களின் பெயரில் உள்ளது திண்டிவனமே. அவை இங்குள்ள எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தில் உருவானவை. கடலை மிட்டாயின் வெல்லம் விரைவாகவும் கடலை மெதுவாகவும் ஆற்றல் தரும். பரோட்டா, பிரியாணி போன்ற எண்ணெய் மிகுந்த உணவைப் பயணம் முடிந்தபின் வைத்துக்கொள்ளலாம். புதிய உணவு எதையும் பயண நாளில் சோதித்துப் பார்க்கக் கூடாது.

நீரைப் பதினைந்து இருபது நிமிடத்துக்கு ஒருமுறை சில மிடறுகளாகக் குடிப்பது நல்லது. மணிக்கு அரை முதல் முக்கால் லிட்டர் பொதுவான அளவு, வெயிலில் கூடும். வெறும் தண்ணீரையே அளவுக்கு மீறிக் குடித்தால் இரத்தத்தில் சோடியம் குறைந்து ஆபத்தாகும். உப்பிட்ட நீர்மோர், எலுமிச்சைச் சாறு, உப்புச் சர்க்கரைக் கரைசல் ஆகியவற்றை இடையிடையே சேர்க்க வேண்டும். மருந்துக்கடையில் கிடைக்கும் 20.5 கிராம் கரைசல் பொட்டலத்தை முழுதாக ஒரு லிட்டர் நீரில் கலக்க வேண்டும். பாதியை அரைக்குவளையில் கலப்பது தவறு.

சாலையில் பாதுகாப்பு

திண்டிவனம்–விழுப்புரம் சாலை கனரக வாகனங்கள் விரையும் நெடுஞ்சாலை. விடியுமுன் அதில் செல்வதைத் தவிர்க்க வேண்டும். இரவெல்லாம் ஓட்டிவந்த ஓட்டுநர்களுக்குத் தூக்கம் அழுத்தும் நேரம் அதுவே. அணுகுசாலை உள்ள இடங்களில் அதையே பயன்படுத்தலாம். இல்லாத இடங்களில் இடது ஓரத்தில் நேர்கோட்டில் செல்ல வேண்டும். எதிர்த்திசையில் ஓட்டுவது எந்தச் சாலையிலும் கூடாது. மேம்பாலம் தொடங்கும் இடத்தில் இடப்புறம் பிரியும் வாகனங்களே பெரிய ஆபத்து. திரும்பிப் பார்த்துக் கைகாட்டிய பிறகே கடக்க வேண்டும். தலைக்கவசம், பின்புறச் சிவப்பு விளக்கு, ஒளிரும் மேற்சட்டை மூன்றும் பகலிலும் தேவை.

உள்சாலைகளில் ஆபத்து வேறு வகை. அறுவடைக் காலத்தில் நெல்லும் கடலையும் தானியங்களும் சாலையில் காயும். அவற்றின்மேல் பிரேக் பிடித்தால் சக்கரம் வழுக்கும். அரவைப் பருவத்தில் முண்டியம்பாக்கம் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றிவரும் டிராக்டர்களின் இருபுறமும் கரும்பு நீட்டிக்கொண்டிருக்கும். அவற்றை ஒட்டிச் செல்லக் கூடாது. வெள்ளைக்கோடு இல்லாத வேகத்தடைகளும் உண்டு.

சீமைக் கருவேல முள் இப்பகுதியில் பஞ்சருக்கு முதற்காரணம். மாற்று டியூப், டயர் நெம்பி, கைப்பம்பு, ஸ்பேனர் ஆகியவற்றைக் கொண்டுசெல்ல வேண்டும். பயணத்துக்கு முன்பே வீட்டில் இரண்டு முறையாவது பின்சக்கரத்தைக் கழற்றி மாட்டிப் பழக வேண்டும். புதிய டியூபைப் போடுமுன் டயரின் உட்புறத்தை விரலால் மெல்லத் தடவி முள்ளை எடுக்காவிட்டால் அடுத்த கி.மீ.யிலேயே மீண்டும் பஞ்சராகும்.

தேசிய நெடுஞ்சாலை உதவி எண் 1033. அவசர உதவிக்கு 112. வழித்திட்டத்தையும் திரும்பும் நேரத்தையும் வீட்டில் எழுதிவைத்துச் செல்வது கைப்பேசியை மட்டும் நம்புவதைவிட மேல்.

மூத்தவர்களுக்கு

ஐம்பது வயதைக் கடந்தவர்களும் இரத்த அழுத்தம், நீரிழிவு, இதய நோய் உள்ளவர்களும் பயிற்சி தொடங்குமுன் மருத்துவரைப் பார்க்க வேண்டும். இன்சுலின் அல்லது சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரை எடுப்பவர்களுக்கு நீண்ட ஓட்டத்தில் சர்க்கரை திடீரெனத் தாழலாம். மருந்தளவையும் உணவு நேரத்தையும் மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். மூத்தவர்கள் பன்னிரண்டு வாரத் திட்டத்தைப் பதினாறு அல்லது இருபது வாரமாக நீட்டிக்கொள்வது நல்லது.

சைக்கிள் ஓட்டுதல் மூட்டுக்கு இதமானது. அதனாலேயே எலும்பை அது போதிய அளவு வலுப்படுத்துவதில்லை. வாரம் இருமுறை நடை, மாடிப்படி ஏறுதல், நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து அமர்தல் ஆகியவற்றைச் சேர்க்க வேண்டும். விரல் மரத்துப்போனால் கைப்பிடியில் கை வைக்கும் நிலையை மாற்றலாம். இடுப்புக்குக் கீழ் மரத்துப்போனால் இறங்கி நிற்க வேண்டும். இருக்கையின் முனை மேல்நோக்கி உள்ளதா என்று பார்க்க வேண்டும். மார்பில் அழுத்தம், இடது தோளுக்கோ தாடைக்கோ பரவும் வலி, காரணமற்ற மூச்சுத்திணறல் ஆகியவற்றில் எது தோன்றினாலும் அங்கேயே நிறுத்தி 108-ஐ அழைக்க வேண்டும். இன்னும் பத்து கி.மீ.தானே என்று எண்ணுவது கூடாது.

பயண நாளும் பின்னரும்

முந்தைய இரண்டு நாள் கடும் உழைப்பைத் தவிர்த்து நன்றாக உறங்க வேண்டும். பயணத்தை 105 கி.மீ. என்று எண்ணாமல் திண்டிவனம், செஞ்சி, விழுப்புரம் என மூன்று பகுதிகளாக எண்ணினால் மனத்துக்கு எளிது. முதல் பகுதியில் வேண்டுமென்றே மெதுவாகச் செல்ல வேண்டும். உற்சாகம் மிகுந்த அந்த நேரத்தில் வீணாகும் வலிமைதான் செஞ்சிக்குப் பிறகு தேவைப்படும். ஓய்வு ஒவ்வொன்றும் பதினைந்து இருபது நிமிடத்தைத் தாண்டினால் கால் இறுகிவிடும்.

செஞ்சியில் நிலைமையைச் சீர்தூக்கிப் பார்க்க வேண்டும். நீர் குடித்தும் தலைவலி தீரவில்லை என்றாலோ, சிறுநீர் அடர்மஞ்சளாக இருந்தாலோ, மூட்டு வலி மிதிக்க மிதிக்கக் கூடினாலோ, வண்டியைச் சரக்கு ஆட்டோவில் ஏற்றித் திரும்பிவிடலாம். 66 கி.மீ. கடந்ததும் கணக்கில் சேரும். மீதத்தை அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம்.

வீடு சேர்ந்தவுடன் படுத்துவிடாமல் சிறிது நடந்து, ஒரு மணி நேரத்துக்குள் சோறும் பருப்பும் முட்டையும் போன்ற உணவை உண்பது தசை மீளத் துணை செய்யும். அடுத்த இரண்டு நாள் தொடை வலி இயல்பு. ஒரு வாரம் இலேசாக ஓட்டியபின், ஆறு முதல் எட்டு வாரப் பயிற்சியைத் தொடர்ந்தால் 200 கி.மீ. பிரவே பயணத்துக்குப் பெயர் கொடுக்கலாம். அதற்குத் தேவையான வேகம் ஏற்கெனவே கைவந்துவிட்டது; இனிக் கூட்ட வேண்டியது மிதிக்கும் நேரத்தையே.